பழைய நாற்காலி யாருக்கு உரியது?

சென்ற சாரல் பருவத்தில் குற்றாலம் செல்லும் சாலையில் புதிதாக எழுந்த ஒரு வீட்டிற்கு நம்மை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் நம்மிடம் ஓதிய மாணவர், நல்ல மனிதர். அவருடைய முன்கூடத்தில் பழைய நாற்காலிகள் ஏழு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் வயதையும் விலையையும் ஆர்வத்தோடு எடுத்துரைத்தார். நாம் ஒன்றின் அருகே சென்றபோது, "ஹஸரத், அதில் மட்டும் உட்கார வேண்டாம், பிரம்பு தாங்காது" என்றார். விருந்தினர் அனைவரும் தரையில் விரித்த ஜமக்காளத்தில் அமர்ந்தே உண்டோம். அதில் நமக்கு யாதொரு குறையும் இல்லை. ஆனால் திரும்பும்போது பின்கட்டில் அவருடைய முதிய தாயாரைக் கண்டோம். முழங்கால் வலியால் அவதியுறும் அந்த அம்மையார், கால் ஒன்று வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரைப் பிடித்தவாறு அமர்ந்திருந்தார். உட்கார முடியாத ஏழு நாற்காலிகள் முன்னே. உட்கார வேண்டியவர் பின்னே. இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்தக் காட்சியே.

பழைய நாற்காலிகளை வாங்கி வீட்டில் வைப்பது இன்று நம் குடும்பங்களிலும் பரவிவரும் ஒரு விருப்பம். இதனை வீண் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆயினும் விருப்பத்திற்கும் ஓர் இலக்கணம் வேண்டுமன்றோ?

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'நாற்காலி' என்பது தூய தமிழ்; நான்கு கால்களை உடையது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. இலங்கைத் தமிழர் 'கதிரை' என்பர். மலையாளத்தார் 'கசேர' என்பர். இரண்டும் போர்த்துக்கீசியர் கப்பலோடு வந்த ஒரே சொல்லின் இரு கிளைகள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்தமையால், 'கசேர' என்னும் சொல் நம் பகுதிக்கு அந்நியமன்று. அரபியிலோ அது 'குர்ஸீ'. இச்சொல்லுக்கு எபிரேயத்திலும் அரமேயத்திலும் உறவுச் சொற்கள் உண்டு. அரசனின் ஆசனம், அறிவின் பீடம் என்றெல்லாம் அதன் பொருள் விரியும். மொராக்கோ நாட்டு ஃபாஸ் நகரத்தின் கரவிய்யீன் பள்ளியில் இன்ன கிதாபைப் போதிப்பதற்கு இன்ன குர்ஸீ என்று வக்ஃபு செய்து வைத்திருந்தனர். ஆங்கே குர்ஸீ என்பது மரத்தை மட்டும் குறிக்கவில்லை. அதில் அமர்பவர் ஆற்ற வேண்டிய கடமையையும் குறித்தது.

நம் முன்னோர்க்கு உரிய இருக்கை நாற்காலி அன்று, பாய். சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, கீறி, பட்டுப்போல் நெய்தவர்கள் நம் லெப்பைக் குடும்பத்தார். இரசிகமணி டி.கே.சி. (1882–1954) நெல்லையில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனைச் சுவைத்த அவைக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்ததும், வீட்டு முற்றத்தை வைத்தே. நாற்காலியை வைத்து அன்று. ஆகவே 'நம் பாரம்பரியம்' என்று சொல்லி நாற்காலி வாங்குவோர், அந்தப் பாரம்பரியம் எவருடையது என்பதைச் சற்றே எண்ணுதல் நன்று.

நம் வட்டாரத்தில் கிடைக்கும் பழைய நாற்காலிகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தோட்டத்துரைகளின் சாய்வு நாற்காலி. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் அமைத்த காலந்தொட்டே வெள்ளை அதிகாரிகள் சாரலை நாடி இங்கு வந்தனர், பங்களாக்கள் எழுந்தன. கைப்பிடியின் அடியிலிருந்து நீண்ட சட்டங்களை வெளியே திருப்பி, அவற்றின்மீது காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இந்த நாற்காலி, அமர்பவர் எழுந்திருக்கத் தேவையில்லை என்ற எண்ணத்திலேயே செய்யப்பட்டது. இரண்டாவது, வளைத்த மரத்து நாற்காலி. 1859இல் வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பார் பீச் மரத்தை நீராவியில் வாட்டி வளைத்து, ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள் ஆகியவற்றாலேயே ஒரு நாற்காலியை ஆக்கினார். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் முப்பத்தாறு அடங்கும். உலகெங்கும் காப்பிக் கடைகளில் அமர்ந்தது அதன் குடும்பமே. மூன்றாவது, நம் ஊர் ஆசாரிகள் தேக்கிலும் ஈட்டியிலும் பலாவிலும் செய்த பிரம்பு நாற்காலிகள். சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களில் பணம் வந்ததும் திண்ணையில் இடப்பட்டவற்றில் இவையும் உண்டு.

இங்கே ஒரு நாவலை நினைவுகூர்வது பொருந்தும். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, நெல்லையில் வாழ்ந்து, 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'சாய்வு நாற்காலி', 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அதில் வரும் முஸ்தபாக்கண்ணு உழைப்பதில்லை. மூதாதையரின் பெருமையைப் பேசிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கிறார். நாவின் சுவைக்காக வீட்டுப் பழம்பொருள்களை ஒவ்வொன்றாக விற்கிறார். இந்நாவல் நம் பழமையை இழிவுபடுத்துகிறது என்று வருந்துவோரை நாம் அறிவோம். அவ்வருத்தத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் குற்றம் சுமத்துவது மரத்தின் மீதன்று. அதிலிருந்து எழ மறுத்தவர் மீது. நாம் கவலையோடு கவனிப்பது வேறொன்று. முஸ்தபாக்கண்ணுகள் விற்ற பொருள்களே இன்று நம் முன்கூடங்களுக்கு விலைக்கு வருகின்றன. வாங்குவோர் நாற்காலியை மட்டும் வாங்குகிறார்களா, அல்லது அந்தச் சாய்வையும் சேர்த்து வாங்குகிறார்களா?

சரி, வாங்குவதென்று தீர்மானித்தவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மேற்புறத்தைக் காட்டுவார். உண்மை கீழே இருக்கும். நாற்காலியைக் கவிழ்த்து வைத்தால், மெருகேறாத இடத்தில் மரத்தின் இயற்கை நிறம் தெரியும். மேலே கருத்து, கீழே வெளுத்திருந்தால் சாயம் ஏற்றப்பட்டிருக்கக் கூடும். பழைய வேலையில் துளையும் கழுந்தும் பொருத்தி, மர ஆணி அறைந்திருப்பார்கள். தேய்மானம் மனிதர் தொட்ட இடத்தில் இருக்க வேண்டும்: கைப்பிடியின் நுனி, குதிகால் உரசிய முன்சட்டம். எங்கும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது காலம் செய்ததன்று, உப்புத்தாள் செய்தது. பிரம்பு, சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளில் கோத்துப் பின்னப்பட்டதா, ஆயத்தப் பின்னல் தகட்டைக் காடியில் வைத்து அழுத்தியதா என்பதையும் காண்க. முன்னது அறுந்தால் கைவினைஞர் மீண்டும் பின்னித் தருவார். கால்களைத் தட்டினால் மாவு உதிர்கிறதா? உதிர்ந்தால் உளு இன்னும் உள்ளே உயிரோடிருக்கலாம். அதனை வீட்டிற்குக் கொண்டுவந்தால் கதவு நிலைக்கும் பரவக்கூடும்.

நம் ஊரின் காற்றையும் மறக்கலாகாது. சாரல் மாதங்களின் ஈரத்தில் மரம் பருக்கும், கோடையில் சுருங்கும். பழைய வச்சிரப் பசை ஈரம் பட்டால் இளகும். தேக்கில் இயற்கையான எண்ணெய்ப்பசை உண்டு, ஆகவே தாங்கும். பீச் மரம் நம் நாட்டுப் பூச்சிகளுக்கு எளிய இரை.

யாவற்றினும் முதன்மையானது, அமரப்போகிறவரின் உடல். தோட்டத்துரையின் நாற்காலி தாழ்ந்தது, பின்னே சரிந்தது. முழங்கால் நோயுடைய முதியவர் அதில் விழலாம், எழ இயலாது. இருக்கையின் உயரம் அமர்பவரின் முழங்கால் மடிப்பின் உயரத்திற்கு ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலோர்க்கு அது பதினாறு முதல் பதினெட்டு அங்குலம். கைப்பிடி, ஊன்றி எழத்தக்கதாக உறுதியாயிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி. ஆனால் நாம் ஒருமுறை தவறியது இதில் அன்று. அதை மறைப்பது எழுத்துக்கு நேர்மை ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன், தென்காசியை அடுத்த ஓர் ஊரில் தேக்கில் செய்த சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கினோம். தந்தை இறந்தபின் மூத்த மகன் விற்றார். கழுந்தைப் பார்த்தோம், பிரம்பைப் பார்த்தோம், விலையைக் குறைத்தும் பேசினோம். சில மாதங்கள் கழித்து, பிள்ளையை ஓத வைப்பது குறித்துப் பேச ஒரு விதவைப் பெண் நம் இல்லத்திற்கு வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியைக் கண்டு நிறுத்தினார். கைப்பிடியில் இருந்த ஒரு வெட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "ஹஸரத், இது எங்க அத்தா உட்கார்ந்த நாற்காலி. பாக்கு வெட்டும்போது நான் போட்ட கீறல் இது. இதை வித்தது எனக்குத் தெரியாதே" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைத் தலைகுனிய வைத்தது.

ஃபராயிள் என்னும் வாரிசுரிமைச் சட்டத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்க்குப் போதித்தவர் நாம். இறந்தவர் விட்டுச் சென்ற ஊசியிலும் ஒவ்வொரு வாரிசுக்கும் பங்குண்டு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவர் நாம். பங்கிடப்படாத பொருளை ஒருவர் மட்டும் விற்றால், ஏனையோரின் பங்கு அவர்களின் சம்மதத்தை எதிர்நோக்கி நிற்கும் என்பது ஹனஃபி நூல்களின் தீர்ப்பு. ஆனால் வாங்கும்போது, "உங்களுக்கு உடன்பிறந்தார் உண்டா?" என்று நாம் கேட்கவில்லை. தாயார் முன்னரே காலமாகிவிட்டார். மகன் இருவர், மகள் ஒருவர். ஆக ஐந்தில் ஒரு பங்கு அப்பெண்ணுடையது. நாற்காலியை எடுத்துச் செல்லுமாறு வேண்டினோம். வாடகை வீட்டில் இடமில்லை என்றார். அண்ணனிடம் பங்கைக் கேட்கத் தயங்கினார். இறுதியில் அவருடைய பங்கை நாமே கொடுத்து, அவர் சம்மதத்தைப் பெற்றோம். தொகை சிறிது, நாம் கேட்காமல் விட்ட கேள்வி பெரிது. வீடுகளில் இவ்வாறு விற்கப்படும் பொருள்களில் மறைந்துபோவது பெரும்பாலும் பெண்மக்களின் பங்கே என்பதை அன்று உணர்ந்தோம்.

வறுமையின் நெருக்கடியில் விற்பவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குவதையும் நம் ஃபிக்ஹு நூல்கள் வெறுப்போடு பேசுகின்றன. அவ்வாறே, குறையை மறைத்து விற்றால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் ஐப்' என்று அதற்குப் பெயர். புது மரத்திற்குச் சாயமேற்றி 'நூறாண்டு' என்று சொல்லும் கடைக்காரர், மலிவாகக் கிடைத்ததே என்று துயரப்பட்டவர் வீட்டில் பேரம் பேசும் செல்வர் ஆகிய இருவரும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

பழையதை முற்றிலும் விலக்குக என்று நாம் கூறவில்லை. நல்ல தேக்கு நாற்காலியை விறகுக்கு எடைபோட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாங்குவது அறிவீனம். பழையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவது சிக்கனம். பிரம்பு பின்னுபவருக்கும் ஆசாரிக்கும் வேலை தருவது நன்மை. பயன்படுத்த வேண்டும் என்பதே நம் வாதம்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ரிஃபாஆ அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. மார்க்கம் அறியாத அந்நியனாக வந்து அவர் வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் சொற்பொழிவை நிறுத்தி இறங்கி வந்தார்கள். ஒரு குர்ஸீ கொண்டுவரப்பட்டது. அதன் கால்கள் இரும்பென்று அவருக்குத் தோன்றிற்று. அதில் அமர்ந்து அவருக்குக் கற்பித்துவிட்டுப் பின்னர்ச் சொற்பொழிவை முடித்தார்கள். அந்த நாற்காலியின் வயதோ விலையோ அறிவிப்பில் இல்லை; அது எதற்குப் பயன்பட்டது என்பதே இருக்கிறது.

நம் மாணவரிடம் இவற்றையெல்லாம் மெதுவாகச் சொன்னோம். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தாயாருக்கென ஒரு நாற்காலி தேர்ந்து தர வேண்டும் என்று கேட்டார். அடுத்த வாரம் செல்வதாக வாக்களித்திருக்கிறோம். கடைக்குச் செல்லுமுன், இன்ஷா அல்லாஹ், அந்த அம்மையாரின் முழங்கால் உயரத்தை அளந்துகொண்டு செல்வோம்.