மலையில் பேய் மட்டும்தானா?

நான் சினிமா விமர்சகன் இல்லை. படித்தது பி.காம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் ரிமோட்டை எங்கே நிறுத்துகிறார்களோ, அதுதான் என் ரசனை. ஆனால், வளர்ந்தது வத்தலக்குண்டில். கொடைக்கானல் பஸ்கள் முக்கி முனகி மலையேற ஆரம்பிக்கிற ஊர். அந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு பேய்ப் படம், குங்ஃபூ படம், விஞ்ஞானப் படம் மூன்றைப் பற்றியும் கொஞ்சம் பேசிவிடுகிறேனே!

தமிழ் சினிமாவில் கொடைக்கானலுக்கு ரெண்டே வேலைதான். ஒன்று, டூயட். அது ஸ்விட்சர்லாந்துக்குக் குடிபோய் ரொம்ப நாளாச்சு. இன்னொன்று, பேய் பங்களா. கணக்குப்பிள்ளை கண்ணோடு பார்த்தால், பேய் மாதிரி லாபமான நடிகர் கிடையாது. சம்பளம் இல்லை, கால்ஷீட் தகராறு இல்லை. ஒரு பழைய பங்களா, கொஞ்சம் பனிமூட்டம், எண்ணெய் போடாத கதவு... போதும். 'முனி' 2007-ல் வந்தது. அதற்குப் பின்னால் 'காஞ்சனா'. 'அரண்மனை' 2014-ல் ஆரம்பித்து, 2024 கோடையில் நாலாம் பாகமும் வந்து நன்றாகவே ஓடியது. வயித்தெரிச்சல் இல்லீங்க, நானும் சிரித்தேன். பயந்தேனா என்றால், இல்லை.

ஏன்? இந்தப் பேய்களுக்குச் சட்டதிட்டமே கிடையாது. ஒரு சீனில் சுவருக்குள் நுழைந்து வருகிறது. அடுத்த சீனில் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது! என்ன வேண்டுமானாலும் செய்யும் என்றால், அதைப் பற்றிக் கவலைப்பட்டு என்ன பிரயோஜனம்?

என் வயிற்றை நிஜமாகக் கலக்கியது பேயே இல்லாத ஒரு மலையாளப் படம். 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006-ல் கொச்சிப் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு ஜாலி டூர் வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவரே கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார். நடந்த கதை. ஆள் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் தியேட்டருக்குப் போனேன். அப்படியும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

காரணம், அந்தக் குகைக்குச் சட்டம் உண்டு. பாறை ஈரமானால் வழுக்கும். கயிறு இருக்கிற நீளத்துக்குத்தான் எட்டும். மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் ஓடும். மேலே நிற்கிற பையன்கள் ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே படுத்து, உடம்பையே அணையாக்குகிறார்களே... அந்த இடத்தில் எந்தப் பேயும் போட்டிக்கு வர முடியாது. இத்தனைக்கும் குகையின் உட்புறம் கேரளாவில் போட்ட செட். இயக்குநர் சிதம்பரமும் கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியும் சேர்ந்து பொய்யான பாறையை நிஜப் பாறையின் சட்டப்படி நடக்க வைத்துவிட்டார்கள். படத்தில் குறை? சின்ன வயசு ஃபிளாஷ்பேக்கை, பின்னால் உதவட்டும் என்று அளந்து வைத்த மாதிரி இருந்தது. நம்மூர் போலீஸ் அந்தப் பையன்களை அடிக்கிற காட்சி கசந்தது. கசப்பதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. பிசாசின் அடுப்படி. 1991-ல் சந்தானபாரதி இயக்கி, கமல் நடித்து 'குணா' வந்தது. தீபாவளிக்கு 'தளபதி'யோடு மோதி வசூலில் பின்தங்கிய படம். ஆனால், பிசாசிடமிருந்து குகையைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. இப்போது யாராவது பிசாசு பேரைச் சொல்கிறார்களா? குணா குகைதான்!

குங்ஃபூ கதையும் இப்படித்தான். 1978-ல் வந்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தில் ஹீரோ சண்டை போடுவதைவிட, கற்றுக்கொள்வதுதான் அதிக நேரம். தண்ணீர் வாளியோடு கையை நீட்டிக்கொண்டே நடப்பார். கை தாழ்ந்தால் கத்தி குத்தும். பழனிக்குப் பாத யாத்திரை போகிறவர்களின் கொப்புளக் காலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது. வலித்தால்தான் வரம். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தில் போதிதர்மரின் வித்தை டி.என்.ஏ. வழியாகக் கடைசி நேரத்தில் சூர்யாவுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. உழைக்காமல் வந்த சொத்து. ஆரம்பத்தில் வரும் போதிதர்மர் பகுதி இருக்கிற கம்பீரத்துக்கு, இந்த முடிவு அநியாயம்.

விஞ்ஞானத்துக்கு வருவோம். 1963-லேயே 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகவாசிகள் பானுமதியைக் கடத்திப் போனார்கள். எதற்கு? அவர்கள் கிரகத்தில் பாட்டு இல்லையாம்! பின்னாலேயே எம்.ஜி.ஆர். போனார். 2015-ல் 'இன்று நேற்று நாளை'. கையில் டைம் மெஷின் கிடைத்ததும் நம் பையன்கள் அதை வைத்து, காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியத் தொழில் ஆரம்பிக்கிறார்கள். பி.காம். படித்தவன் மனசு குளிர்ந்துபோனது. அதுவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மெஷின்தான். கடந்த காலத்தில் ஒன்றைக் கலைத்தால், நிகழ்காலத்தில் பில் வந்து நிற்கும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பேய்க்காக மலையேறுகிற யூனிட் வேன்கள், அதே கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நேரே போய்விடுகின்றன. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்து விழுந்தது. மழை ஏன் பொய்த்தது, சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யோசிக்க ஆரம்பித்ததில்தான் 1899-ல் இங்கே அந்தக் கூடம் வந்தது. 1904-லிருந்து மேகம் விட்டுவைத்த நாளிலெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளியே பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது. மலைக்குக் கீழே சனம் பட்டினியில் சாகிறது, மலைக்கு மேலே ஒருத்தன் குளிரில் நடுங்கிக்கொண்டே சூரியனிடம் காரணம் கேட்கிறான்... இதைவிட என்ன ஒன்லைன் வேண்டும்? அடிவாரப் பழனியில் போகர் வேறு இருக்கிறார். சீனாவுக்கும் பழனிக்கும் போய்வந்தார், பறக்கும் வாகனம் செய்தார், நவபாஷாணத்தில் முருகன் சிலை செய்தார் என்றெல்லாம் கதைகள். விஞ்ஞானமும் குங்ஃபூவும் ஒரே ஆளிடம்!

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த புதிதில் குடும்பத்தோடு போயிருந்தேன். குணா குகைக்கு வண்டிகள் நகராமல் நின்றன. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, அந்தக் கடிதப் பாட்டை செல்போனில் வைத்து ஆளாளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் சின்னவன் வேலிக்குள் கையை நீட்டினான். ''உள்ள பேய் இருக்காப்பா?'' என்றான்.

''பேய் இல்லடா, பள்ளம் இருக்கு'' என்றேன்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.