பாவத்தின் ஆட்சியும் அடியவரின் விடுதலையும்: உரோமர் 6ஆம் அதிகாரத்தின் ஒளியில் இரட்சணிய யாத்திரிகம்

முன்னுரை

எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியெழுந்த காப்பியமாகும். இதன் நடையையும் வருணனையையும் கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு ஆராயும் மரபு வலுவானது. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பெயர் ஆசிரியருக்கு நிலைத்ததும் அவ்வழியேயாம். அவ்வொப்பீட்டோடு மற்றொரு வினாவும் எழுப்பப்பட வேண்டும். காப்பியம் பேசும் விடுதலை எதனிடமிருந்து பெறும் விடுதலை? பாவத்திற்குரிய தண்டனையிலிருந்தா, பாவத்தின் ஆட்சியிலிருந்தா? பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாவம்: செயலும் ஆட்சியும்

தமிழ் வழக்கில் பாவம் என்பது பெரும்பாலும் செயலைக் குறிக்கும். புண்ணியத்தின் மறுதலையாக எண்ணப்படும். பவுல் இவ்வதிகாரத்தில் ஆளும் 'ஹமார்த்தியா' என்னும் கிரேக்கச் சொல்லோ எங்கும் ஒருமையிலேயே வருகிறது. அது அரசாள்கிறது, மனித உறுப்புகளைத் தன் போர்க்கருவிகளாகக் கேட்கிறது, தன் கீழிருப்போருக்குக் கூலியும் தருகிறது. கூலியைக் குறிக்கும் 'ஒப்சோனியா' படைவீரர் பெறும் படிக்காசுக்கு வழங்கிய சொல். ஆகவே இங்குப் பாவம் குற்றங்களின் தொகுப்பன்று. அது ஓர் அதிகாரம். தமிழ் வேதாகமத்தில் இடம்பெறும் 'ஆளுதல்', 'மேற்கொள்ளுதல்', 'சம்பளம்' ஆகிய சொற்கள் இவ்வரசியல் உருவகத்தைப் பெரிதும் காத்துள்ளன.

இக்கருத்துக்குத் தமிழ்ச் சமயச் சொல்லாட்சியில் அணுக்கமானது வினை என்பதைக் காட்டிலும் சைவசித்தாந்தம் கூறும் ஆணவம் எனலாம். முத்தியிலும் ஆணவமலம் அழிவதில்லை, அதன் சத்தியே மடங்குகிறது என்பது சித்தாந்தக் கொள்கை. பவுலும் பாவம் இறந்துவிட்டது எனக் கூறவில்லை. பாவத்திற்கு மனிதன் இறந்துவிட்டான் என்றே கூறுகிறார். ஆயினும் வேறுபாடு அடிப்படையானது. ஆணவம் அநாதியானது, பவுல் கூறும் பாவமோ ஒரு மனிதனால் உலகிற்குள் நுழைந்தது. ஒப்புமை விளக்கத்திற்கு உதவும். இரண்டையும் ஒன்றாக்க இடம் தராது.

சுமை இறங்கிய பின்

பனியன் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று கல்லறைக்குள் மறைகிறது. வாசகர் நினைவில் மிக ஆழமாகப் பதிந்த இக்காட்சி மன்னிப்பின் உருவகம். விடுதலை இதனோடு முற்றுப்பெற்றிருப்பின் கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பயணத்தின் பெரும்பகுதியோ அதன் பின்னரே நிகழ்கிறது. தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் எதிர்ப்பட்டு, பயணி பிறந்த நகரம் தனக்குரியது, ஆதலால் அவனும் தன் குடியே என்று வாதிடுகிறான். திரும்பி வந்தால் நல்ல ஊதியம் தருவதாகவும் ஆசை காட்டுகிறான். அந்த ஊதியத்தால் உயிர்வாழ இயலாது எனப் பயணி தரும் மறுமொழி உரோமர் 6:23இன் எதிரொலியாகும். மன்னிப்புப் பெற்றவனே பழைய ஆண்டையை நேருக்கு நேர் சந்திக்கிறான். காயமடைந்த பின்னரே வெல்கிறான்.

கிருட்டிணபிள்ளை இக்கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக விரித்தார். இரட்சிப்பின் பெயர் தாங்கிய பருவம் இறுதியில் அமைந்திருப்பது கருதத்தக்கது. சுமை நீங்குவது தொடக்கம். ஆட்சி மாறிய வாழ்வைக் கடைசிவரை வாழ்ந்து காட்டுவதே யாத்திரை. சிலுவைக் காட்சியை மட்டும் உச்சமாகக் கொள்ளும் வாசிப்பு, பிற்பகுதி முழுவதையும் பிற்சேர்க்கையாகச் சுருக்கிவிடும்.

அடிமை: ஒரு சொல்லின் இருவேறு வாழ்வு

பாவத்திலிருந்து விடுவிக்கப்பட்டோர் நீதிக்கு அடிமைகளானதாகப் பவுல் கூறுவது முரணாகத் தோன்றலாம். பத்தி மரபில் தோய்ந்த தமிழருக்கு இது புதிதன்று. 'ஆட்கொள்ளுதல்' மாணிக்கவாசகரிடம் அருளின் பெயர். வைணவத்தில் அடிமைத்திறம் உயிரின் இயல்பு. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிணபிள்ளைக்கு இச்சொல்வளம் குடிவழிச் செல்வமாக வாய்த்திருந்தது. தலைவனற்ற நிலையன்று விடுதலை, தலைவன் மாறிய நிலையே விடுதலை என்னும் கருத்தைத் தமிழ் எளிதில் ஏற்றது.

அவ்வெளிமையில் ஓர் இடரும் உண்டு. பிரித்தானிய இந்தியாவில் அடிமை முறைக்குரிய சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது; அப்போது கவிஞருக்கு வயது பதினாறு. பாடலில் இனித்த 'அடிமை', வயலில் வேறொருவரின் அன்றாட நிலையாக இருந்தது. அந்நிலையில் உழன்றவர் செவிக்கு இவ்வுருவகம் ஆறுதலாக ஒலித்திருக்கலாம். அடங்கியிருக்கச் சொல்லும் ஆணையாகவும் ஒலித்திருக்கலாம். பத்தி மரபின் இனிமையை மட்டும் கொண்டு இதனை விளக்கும் திறனாய்வு, சொல்லின் பாதி வரலாற்றைக் கைவிடுகிறது.

பவுலே இவ்வுருவகத்தின் எல்லையை உணர்ந்திருந்தார். கேட்போரின் பலவீனம் கருதி மனித வழக்கின்படி பேசுவதாக 6:19இல் குறிப்பிடுகிறார். எட்டாம் அதிகாரத்திலோ, அச்சத்திற்கு இட்டுச்செல்லும் அடிமைத்தனத்தை விலக்கி, மகப்பேற்று உரிமையை அதற்கு எதிராக நிறுத்துகிறார். எனவே ஆறாம் அதிகாரத்தின் அடிமை உருவகம் வழியே அன்றி முடிவன்று. விடுவிக்கப்பட்டவர் இறுதியில் அடைவது பிள்ளையின் நிலை.

முடிவுரை

உரோமர் 6ஆம் அதிகாரத்தின்படி பாவம் ஆளும் ஆற்றல், விடுதலை ஆட்சிமாற்றம். இந்நோக்கில் இரட்சணிய யாத்திரிகத்தின் நீண்ட பிற்பகுதி காப்பிய மரபுக்காக விரிந்த வருணனை மட்டுமன்று. மன்னிக்கப்பட்டவன் பழைய ஆண்டையின் உரிமைக்குரலை மறுத்து நடக்கும் வழியாகும். பத்திச் சொல்வளம் அவ்வழியைத் தமிழில் திறந்தது. அச்சொல்வளத்தின் சமூகச் சுமையையும் சேர்த்து எடைபோடும்போதே கிறித்தவக் காப்பியத் திறனாய்வு முழுமை பெறும்.