குளிருக்குச் செய்த கதவும் ராமேஸ்வரம் வெயிலும்

பெரியப்பாவின் பழைய பெட்ரோல் காரில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போனோம். பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை. "பிக்கப் சுத்தமா இல்லப்பா, ரெண்டு தடவை கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு" என்றார். கோளாறு கார்புரேட்டரில் இல்லை. ஏர் கிளீனர் குழாய்க்குள் ஒரு சின்னத் தகரக் கதவு. அது சுடுகாற்றுப் பக்கமே நின்றுவிட்டது.

அந்தக் கதவுக்கு இரண்டு வழி: ஒன்றில் வெளிக்காற்று, மற்றதில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி வரும் சுடுகாற்று. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரிவரை இறங்கலாம். வெளியே 8 டிகிரி குளிரும் ஈரமும் இருந்தால் உள்ளே பனி கட்டும், என்ஜின் திணறும். ஐரோப்பாவுக்கு இந்த ஏற்பாடு தேவைதான். ராமேஸ்வரத்தில் மார்கழி விடியற்காலையிலேயே 23, 24 டிகிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, பனிக்கு இடமே இல்லை.

நஷ்டமோ நிஜம். 35 டிகிரி காற்றுக்குப் பதில் 65 டிகிரி காற்று போனால், அதே கொள்ளளவில் காற்றின் எடை சுமார் 9 சதவீதம் குறையும். இழுவை குறையும், நாக்கிங்கும் வரும்.

இந்தக் கதவை வைத்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போனால் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் என் கேள்வி. ஒரு வகையில் என்ஜினின் உறிஞ்சல் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கதவைச் சுடுகாற்றுப் பக்கம் இழுக்கும். குழாய் வெடித்தால் ஸ்பிரிங் அதை வெளிக்காற்றுக்குத் தள்ளிவிடும். நமக்கு அது நல்லது. இன்னொரு வகையில் மெழுகுக் குப்பி ஒன்று சூட்டில் விரிந்து கதவை வெளிக்காற்றுக்குத் தள்ளும். மெழுகு செத்தால் கதவு சுடுகாற்றிலேயே நிற்கும். ஸ்வீடனின் வோல்வோ 240 கார்களில் இது பேர்போன கோளாறு. காற்றை அளக்கும் சென்சாரையே அது கெடுத்தது. பெரியப்பா வண்டியிலும் மெழுகு வகைதான். போதாததற்கு உப்புக்காற்றுத் துரு வேறு.

சிலர் குழாயையே கழட்டி எறிவார்கள். அப்புறம் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையே என்ஜின் குடிக்கும். நாங்கள் கதவை வெளிக்காற்றுப் பக்கம் கம்பியால் கட்டி, சுடுகாற்று வாயை அடைத்தோம். திரும்பி வரும்போது பாலத்தில் பெரியப்பா கியரைக் குறைக்கவில்லை.