நாப்பிழையும் மனத்தின் ஒழுங்கும்

நாப்பிழைகளுட் பெரும்பாலானவற்றை அடக்கப்பட்ட எண்ணங்களின் வெளிப்பாடாக 1901இல் சிக்மண்ட் புரொய்ட் விளக்கினார். அவ்விளக்கம் கவர்ச்சியானது, ஆயின் முழுமையானதன்று. 1895இலேயே மெரிங்கரும் மாயரும் ஜேர்மன் மொழிப் பிழைகளைத் திரட்டி, ஒலிகள் ஒழுங்குபடவே இடம்மாறுவதைக் காட்டியிருந்தனர். 1971இல் விக்டோரியா புரொம்கின் ஆங்கிலப் பிழைகளைக் கொண்டு இவ்வொழுங்கை மேலும் நிறுவினார். ‘லெப்ட் ஹெமிஸ்பியர்’ என்பது ‘ஹெப்ட் லெமிஸ்பியர்’ ஆகும்போது முதலொலியோடு முதலொலியே மாறுகின்றது. பிறழ்ந்த சொற்களும் பெரும்பாலும் அம்மொழியின் ஒலியமைதிக்கு அடங்கியே நிற்கின்றன. பின்வரவேண்டிய ஒலி முந்துவதாயின், உச்சரிப்புக்கு முன்னரே அது மனத்தில் ஆயத்தமாயிருந்திருத்தல் வேண்டும். புரொய்ட் ஒலியின் செல்வாக்கை முற்றாக மறுத்தாரல்லர்; அதனைத் துணைநிலைக்குத் தள்ளியமையே அவர் கொள்கையின் குறைபாடாகும். பேசுவோனின் உள்நோக்கத்தைத் தேடுமுன், பிழையினுள் உறையும் ஒழுங்கை ஆராய்தலே முறையாகும்.