திங்கட்கிழமை வராத பள்ளிக்கூடம்

நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேர் மதியச் சாப்பாட்டைப் பிரிக்கிறார்கள். பணக்கார வீட்டுப் பெண் கிளேர் சூஷியைப் பதவிசாக எடுத்து வைக்கிறாள். மல்யுத்த வீரன் ஆண்ட்ரூ ஒரு பெரிய பையிலிருந்து சாண்ட்விச், சிப்ஸ், பால் என்று எடுத்துக்கொண்டே இருக்கிறான். பை காலியாகிற வழியைக் காணோம். படிப்பாளி பிரையனுக்கு வீட்டில் சூப்பும் ஓரம் நீக்கிய ரொட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோடும் பேசாத ஆலிசன், ரொட்டிக்குள் இருந்த இறைச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு, இனிப்புத் தூளையும் கார்ன் ஃப்ளேக்ஸ் மாதிரியான ஏதோ ஒன்றையும் கொட்டி மூடி, நொறுநொறுவென்று கடிக்கிறாள். பெண்டருக்குச் சாப்பாடே இல்லை. அவன் பிரையனின் பையைப் பிடுங்கி உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்டல் செய்கிறான்.

யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் வீட்டில் அக்கறை இருக்கிறது, யார் வீட்டில் இரண்டும் இல்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே இந்தச் சில நிமிடங்கள் சொல்லிவிடுகின்றன. ஜான் ஹியூஸ் எழுதி இயக்கி 1985-இல் வெளிவந்த ‘தி பிரேக்ஃபஸ்ட் கிளப்’ படத்தின் காட்சி இது. ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில், இலினாய் மாநிலத்தின் டெஸ் ப்ளெய்ன்ஸ் ஊரில் மூடிக்கிடந்த ஒரு பள்ளியில், அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நூலக செட் போட்டு எடுத்த சின்னப் படம். அமெரிக்காவில் மட்டும் 4.5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. படம் வந்தபோது பிறந்தேயிராதவர்களும் இன்று இதைத் தேடிப் பார்க்கிறார்கள். கதை என்று பார்த்தால், ஒரு சனிக்கிழமை தண்டனைக்காகப் பள்ளிக்கு வரவழைக்கப்பட்ட ஐந்து பேர் மாலை நான்கு மணி வரை பேசுகிறார்கள், அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதான்’ நாற்பது ஆண்டுகளாக எப்படித் தாங்குகிறது?

இளமை நினைவு, ஏக்கம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எனக்குப் போதவில்லை. லாக்கரையோ ப்ராம் நடனத்தையோ கண்ணால் பார்த்திராதவர்களையும் இது போன்ற அமெரிக்க ஹைஸ்கூல் படங்கள் பிடித்து வைக்கின்றன. அவர்களுக்கு ஏங்க என்ன இருக்கிறது? கவர்ச்சி வேறோர் இடத்தில் இருக்கிறது: இந்தப் படங்கள் பள்ளியை நாலு பக்கமும் சுவர் எழுப்பி மூடிய ஓர் உலகமாக்குகின்றன. பலமும் அதில்தான், பழுதும் அதில்தான்.

முதலில் பலம். 1910 வாக்கில் அமெரிக்க இளைஞர்களில் பத்தில் ஒருவர்கூட உயர்நிலைப் பள்ளியை முடிக்கவில்லை. 1940-இல் ஏறக்குறையப் பாதிப் பேர் முடித்தார்கள். முப்பது ஆண்டுகளில், அநேகமாக எல்லோரும் கடந்து வந்தாக வேண்டிய ஒரே இடமாக ஹைஸ்கூல் ஆகிவிட்டது. எல்லோரும் சமம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த நாட்டில், யார் மேலே யார் கீழே என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிகிற இடமும் அதுவே. யார் எந்த மேசையில் உட்காரலாம், யார் யாரை நடனத்துக்கு அழைக்கலாம், யாரோடு பேசினால் மரியாதை போகும் என்று எழுதப்படாத சட்டங்கள் அங்கே உண்டு. அதனால்தான் பழைய ஆங்கிலக் கதைகள் அங்கே குடியேறச் சிரமப்படவில்லை. ஜேன் ஆஸ்டின் 1815-இல் வெளியிட்ட ‘எம்மா’ நாவலை எமி ஹெக்கர்லிங் 1995-இல் ‘க்ளூலெஸ்’ என்று பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்குக் கொண்டுபோனார். ஒரு தையல்கூட பிரியவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ 1999-இல் ‘10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ’ ஆயிற்று. அந்தஸ்து, வதந்தி, நடன விருந்து, யாருக்கு யார் ஜோடி என்ற கணக்கு, இத்தனையையும் ஒருசேர வைத்துக்கொள்ள நவீன அமெரிக்காவில் மிச்சமிருந்த களம் பள்ளிக்கூடம்தான். ஓர் அலுவலகத்தில் ‘எம்மா’வை வைத்துப் பாருங்கள், பாதியில் சாயம் வெளுத்துவிடும்.

மூடிய உலகத்தில் சின்ன விஷயமும் பெரிதாகிறது. ஹியூஸின் பெருமை, அந்தப் பெரிதாவதை அவர் கேலி செய்யாதது. பிரையன், மரவேலை, உலோகவேலை சொல்லித்தரும் வகுப்பு சுலபம் என்று நினைத்துச் சேர்ந்து, யானை வடிவ விளக்கு எரியாததால் தோற்றுப்போனவன். அந்த ஒரு தோல்வி தாங்காமல் சாக நினைத்திருக்கிறான். லாக்கரில் துப்பாக்கி அகப்பட்டது, அதனால்தான் இங்கே வந்தேன் என்கிறான். மற்றவர்கள் உறைந்துபோகிறார்கள். பிறகு அது அபாய விளக்கு சுடும் துப்பாக்கி என்பதும், லாக்கருக்குள்ளேயே வெடித்துவிட்டது என்பதும் தெரியவர, ஒருவர் சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், கடைசியில் பிரையனும் சிரிக்கிறான். அழுகையும் சிரிப்பும் இவ்வளவு நெருங்கி வருகிற காட்சி பெரியவர்களைப் பற்றிய படங்களிலேயே குறைவு. (1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு இந்தக் காட்சியைப் பார்ப்பவருக்கு அந்தச் சிரிப்பு அத்தனை சுலபமாக வராது. அது படத்தின் குற்றமல்ல.)

இன்னொரு இடம் இதைவிட முக்கியம். திங்கட்கிழமை நாம் ஒருவரையொருவர் பார்த்தால் என்ன ஆகும் என்று பிரையன் கேட்கிறான். கிளேர் பொய் சொல்லவில்லை: நண்பர்களாக இருக்க மாட்டோம் என்கிறாள். அவளைத் திட்டுகிறார்கள், ஆனால் அவள் சொன்னதுதான் உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஹியூஸ் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு, சனிக்கிழமை மாலையோடு படத்தை முடித்துக்கொள்கிறார். அந்தத் திங்கட்கிழமையை எடுத்திருந்தால் படம் மேலும் நேர்மையாக இருந்திருக்கும். இத்தனை பேர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் பழுதும் தொடங்குகிறது. கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டு, பதிலை ஒப்பனைப் பெட்டியிலிருந்து எடுக்கிறது படம். கிளேர் ஆலிசனின் கண் மையைத் துடைத்து, வெள்ளை உடுப்பும் தலைப்பட்டையும் போட்டுவிடுகிறாள். ஆண்ட்ரூவின் பார்வை உடனே அவள்மேல் நிலைக்கிறது. அந்த மேசையில் இருந்தவர்களிலேயே தனித்துவமான பெண்ணைச் சராசரியாக்கித்தான் காதலுக்குத் தகுதியாக்க முடிந்திருக்கிறது. பெண்டருக்குக் கிளேரின் வைரத் தோடு கிடைக்கிறது. இரண்டு ஜோடி சேர்ந்தாயிற்று. பிரையனுக்கு? ஐந்து பேருக்குமாகச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதும் வேலை.

‘பிரெட்டி இன் பிங்க்’ (1986) இன்னும் வெளிப்படையான உதாரணம். வேலையில்லாத அப்பாவோடு வாழும் ஏழைப் பெண் ஆண்டி, பணக்காரப் பையன் பிளேன், அவளையே சுற்றிவரும் ஏழை நண்பன் டக்கி. ஹியூஸ் எழுதி, ஹோவர்ட் டாய்ச் இயக்கி எடுத்த முதல் முடிவில் அவள் டக்கியோடுதான் நின்றாள். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பணக்காரப் பையனிடம் அவளை அனுப்பும்படி முடிவை மாற்றி எடுத்தார்கள். மறு ஆண்டே இதே இருவர் ‘சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்’ படத்தில் ஆண் பெண்ணை இடம் மாற்றி, ஏழைத் தோழியையே ஜெயிக்க வைத்தார்கள். மனம் ஆறவில்லை போலும்.

சுவருக்கு வெளியே என்ன இருந்தது? ஹியூஸின் கற்பனை ஊரான ஷெர்மர், அவர் வளர்ந்த சிகாகோவின் வடக்குப் புறநகர்ப் பகுதியின் நகல். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருவது. இதனால் வரும் ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு முரணானது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வீட்டு விலைதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது என்றால், கிளேரும் பெண்டரும் ஒரே நூலகத்தில் உட்காரும் வாய்ப்பு நிஜத்தில் படம் காட்டுவதைவிடக் குறைவு. ஐவரும் வெள்ளையர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே சிகாகோவில் கறுப்பின மாணவர்களை வைத்து மைக்கேல் ஷுல்ட்ஸ் 1975-இல் எடுத்த ‘கூலி ஹை’ படத்தில் குறும்பும் நடனமும் காதலும் எல்லாம் உண்டு. ஆனால் போலீஸும் சாவும் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிடுகின்றன. அந்தப் படத்தையும் பாதுகாக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள், 2021-இல். ஐந்தாண்டு பின்னால்.

ஹியூஸ் இயக்கிய முதல் படமான ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ (1984) பற்றிச் சமாதானம் சொல்ல நான் முயலமாட்டேன். லாங் டக் டாங் என்ற ஆசிய மாணவன் திரையில் தோன்றும்போதெல்லாம் பின்னணியில் சேகண்டி அடிக்கிறது. கதாநாயகன், நினைவில்லாமல் குடித்திருக்கும் தன் காதலியை இன்னொருவனோடு காரில் ஏற்றி அனுப்புகிறான், அது நகைச்சுவை. அதே படத்தின் நாயகியான மாலி ரிங்வால்ட் 2018-இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய கட்டுரை நினைவுகூரத் தக்கது. தன் படங்களை அவர் தூக்கி எறியவுமில்லை, துடைத்து வைக்கவுமில்லை. தனக்கு வாழ்வு தந்த படங்களுக்குள்ளேயே தன்னைப் போன்ற பெண்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று பெயர் சொல்லி எழுதினார். இந்த வகைப் படங்களைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதைவிட நிதானமான ஒன்றை நான் படித்ததில்லை.

சுவரில்லாமலும் எடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி, ஹியூஸுக்கு முன்பே 1982-இல் வந்த ‘ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை’. கேமரன் க்ரோ இருபத்திரண்டு வயதில் மாணவன்போலப் பள்ளியில் சேர்ந்து பார்த்ததை வைத்து எழுதியது. ஹெக்கர்லிங்கின் முதல் படம். இதில் பிள்ளைகள் கூலிக்கு வேலை செய்கிறார்கள். அண்ணன்காரன் பர்கர் கடையில் வேலை இழந்து, மீன் கடையில் கடற்கொள்ளையன் வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறான். தங்கை கருக்கலைப்புக்குப் போய்விட்டு வெளியே வரும்போது, அவன் காரோடு காத்திருந்து, திட்டாமல் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். உபதேசம் இல்லை, பின்னணி இசையின் மிரட்டல் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் மேலான படம். ஆனாலும் ஒரு சோர்ந்த இரவில் கை தானாகப் போவது ‘பிரேக்ஃபஸ்ட் கிளப்’ பக்கம்தான். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும் என்ற உறுதி அங்கே இருக்கிறது.

அந்த உறுதி தேவைப்படுவது பதினாறு வயதுக்காரர்களுக்கு மட்டுமல்ல. இவற்றை எழுதியவர்கள் எல்லோரும் பெரியவர்கள். ஹியூஸுக்கு அப்போது வயது முப்பத்துநாலு. நடித்தவர்களிலும் பலர் வயது வந்தவர்களே. பெண்டராக நடித்த ஜட் நெல்சனுக்கு இருபத்துநாலு. ‘க்ரீஸ்’ படத்தில் மாணவியாக வந்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு முப்பத்துமூன்று! பெரியவர்கள் தங்கள் பள்ளிப் பருவத்துக்குத் திரும்பிப்போய், அன்று வாய் வராமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். பதினாறு வயதில் யாரும் ஆண்ட்ரூவைப் போலத் தன் அப்பாவைப் பற்றி அவ்வளவு கோவையாகப் பேசிவிட முடியாது. முப்பத்துநாலில் முடியும்.

சுவருக்குள் இடம் கிடைக்காதவர்கள் பின்னாளில் உள்ளே வந்தார்கள். 2020 முதல் 2023 வரை நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரின் தேவி விஸ்வகுமார், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அந்த வேடத்தில் நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத் தமிழ்ப் பெண். சேகண்டிச் சத்தத்திலிருந்து இது வெகுதூரம், சந்தேகமில்லை. ஆனால் சட்டகம் பழையதே: பள்ளியிலேயே அழகான பையன், அந்தஸ்துக் கணக்கு, இரண்டு பேரில் யார் என்ற கேள்வி. தேவி பழைய வீட்டுக்குக் குடிவந்தாள், வீட்டின் அமைப்பு மாறவில்லை. அப்பாவின் மரணத்தைத் தொடுகிற இடங்களில் மட்டும் தொடர் சட்டகத்தை மறக்கிறது; அவைதான் அதில் நல்ல இடங்கள்.

இன்று பள்ளியை மூடவே முடியாது. கைபேசி, வகுப்பறையின் அவமானத்தை இரவு படுக்கைவரை கூட்டிவருகிறது. போ பர்னம் 2018-இல் இயக்கிய ‘எய்த் க்ரேட்’ இதை நேருக்கு நேராகப் பார்த்த படம். டீனா ஃபே எழுதிய ‘மீன் கேர்ள்ஸ்’ (2004) கதையில் எல்லோரைப் பற்றியும் அவதூறு எழுதி வைக்கப்படுவது ஒரு நோட்டுப் புத்தகத்தில். அவரே 2024-இல் அதை இசைப்படமாகத் திரும்ப எழுதியபோது, எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, திரை முழுக்கச் சமூக ஊடகம் ஓடுகிறது; அவதூறு மட்டும் இன்னும் அதே நோட்டில்தான். கதையை முடிக்க அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. நோட்டை ஒருவர் எழுதினேன் என்று ஒப்புக்கொள்ளலாம், மன்னிப்புக் கேட்கலாம், தண்டனை பெறலாம். இணையத்தில் போனதற்கு அப்படி ஒரு கடைசிக் காட்சி எழுதுவது கடினம்; இந்த வகைப் படங்களில் யாரும் இன்னும் அதைச் சரியாக எழுதிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.