கடைசிப் பந்துக்கு முன்னால்

2021-ஆம் வருஷம் நவம்பர் 22. டில்லியில் ஸையது முஷ்டாக் அலி கோப்பையின் இறுதி ஆட்டம். கர்நாடகத்தை வெல்லத் தமிழ்நாட்டுக்குக் கடைசிப் பந்தில் 5 ஓட்டம் வேண்டும். எம். ஷாருக்கான் (ஸினிமாக்காரர் அல்ல, நம் சென்னைப் பையன்) அதை ஸிக்ஸராகத் தூக்கி அடித்தார். 15 பந்தில் 33 ஓட்டம், கோப்பை நமக்கு. கதையில் நான் இப்படி ஒரு முடிவு எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ரஸிகர்கள் அந்தப் பந்தை மறக்கவில்லை. ஆனால் அவருடைய ஆட்டத்தை எடை போட அந்தப் பந்து போதாது என்பது என் கட்சி. மூன்று மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், குவாஹாத்தியில் டில்லிக்கு எதிராக ரஞ்சி ஆட்டம். அதில் அவர் 148 பந்துகளில் 194 எடுத்தார். ஸிக்ஸர்கள் அங்கேயும் உண்டு. ஆனால் எந்தப் பந்தை விடுவது, எப்போது பொறுப்பது என்ற விவேகம் இல்லாதவன் 148 பந்து நிற்க முடியாது. கை பலம் மட்டும் இருந்தால் இருபது பந்தில் கதை முடிந்துவிடும்.

சந்தை இதை எப்படி மதிப்பிட்டது? 2020 ஐ.பி.எல். ஏலத்தில் அவரைச் சீண்டுவாரில்லை. 2021-ல் 20 லட்சத்தில் ஆரம்பித்துப் பஞ்சாப் அணி 5.25 கோடிக்கு வாங்கியது. மறு வருஷம் 9 கோடி. ஆனால் பெரும்பாலும் ஆறாவது ஏழாவது ஆளாகத்தான் களத்துக்கு அனுப்பினார்கள். வீணை வித்வானை அழைத்து வந்து மங்களம் மட்டும் வாசிக்கச் சொல்வது போல. சரியாக வாசிக்காவிட்டால் வித்வான்மீதே பழி.

அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஓங்கி அடிக்கிற இளைஞனைப் பெரிய சங்கம் சிற்றூர்களில் இருக்கும் தன் கீழ்நிலை அணிகளில் சேர்க்கும். அங்கே பருவத்துக்கு நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடி, தோற்று, திருத்திக்கொண்டு, படிப்படியாக ஏறி வரவேண்டும். நம்மிடம் 2016-ல் டி.என்.பி.எல். வந்தது. நல்ல காரியம்தான், கோவை அணியில் ஷாருக்கான் தலைமை தாங்கவும் அது இடம் கொடுத்தது. ஆனால் எட்டு அணிகள், வருஷத்தில் ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு மாதத்தில் பையனைக் கண்டுபிடிக்கலாம், வளர்க்க முடியுமா?

அதிலும் எல்லா ஊருக்கும் இடமில்லை. பெரம்பலூர் 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாயிற்று. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-ல் மீண்டும் தனியானது. கலெக்டர் ஆபீஸ் வந்துவிட்டது, டி.என்.பி.எல். அணி இரண்டு ஊர் பெயரிலும் கிடையாது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். எட்டு ஓவர் பந்தயம். தடுத்து ஆடுகிறவனை வேடிக்கை பார்ப்பவர்கள் பொறுப்பதில்லை. பருத்திக் கொல்லையில் பந்தைத் தொலைக்கிறவனுக்குத்தான் கைதட்டல். அவன் தோளில் பலம் இருப்பது எனக்கே தெரிகிறது. ஆனால் தோல் பந்து காலடியில் குத்தி எழும்பும்போது என்ன செய்வான்? அவனை ஒரு முழுப் பகல் ஆடச் சொல்ல யாருமில்லை. முதல் மணியில் அவுட்டானாலும் மறுநாள் கூப்பிட்டு மட்டையைக் கொடுக்க ஓர் ஆசான் வேண்டும். அடித்துக் கெட்டியாக்கிய ஒரு பிட்ச் வேண்டும்.

அரியலூரில் நான் பேசிப் பார்த்த பையன்கள் எல்லோருடைய கைபேசியிலும் அந்த டில்லி ஸிக்ஸர் இருந்தது. குவாஹாத்தியைப் பற்றிக் கேட்டேன். "அங்கே என்ன சார் நடந்தது?" என்றான் ஒருவன்.