கல்ஹட்டி ஏற்றம்

குவைத்தின் தென்கரையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அண்மையிலுள்ள ஃபஹாஹீலில், வெள்ளிக்கிழமை விடியலில் கடலோரமாகச் சைக்கிள் மிதிக்கும் நம்மவர்க்கு மேடு என்பது அபூர்வ வஸ்து. அங்கே எதிர்க்காற்றுதான் மலை. அத்தகைய சமதளவாசிகள், 2008-இல் தொடங்கி, தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டும் நோக்கத்தையும் உடன்கொண்ட ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ என்னும் சைக்கிள் நெடும்பயணத்தில் ஒருமுறையேனும் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அதன் உச்சம், மசினகுடிப் பக்கமிருந்து உதகைக்கு ஏறும் கல்ஹட்டிப் பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். சங்கிலி பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் ஏறி, மாற்றுவதற்கு இனிக் கியர் இல்லையென்று விரல் அறிந்த பின்னரும், வளைவின் உட்புறச் செங்குத்தைத் தவிர்த்து, எதிரே வண்டி வராத வேளை பார்த்து வெளிவிளிம்பைப் பற்றி, இருக்கையினின்று எழுந்து, தேகபாரம் முழுவதையும் மிதிகட்டையின்மேல் மாற்றி மாற்றி நிறுத்தி ஏறுபவரின் லாவகம் பார்க்கத் தக்கது. இறங்கித் தள்ளுவோரையும் நான் குறைகூறேன். நன்கொடையாளர் எவரும் அதற்குத் தடை விதித்திருக்க மாட்டார்.

விடுமுறையில் ஊர் திரும்புவோர், இப்பயணம் வழக்கமாக நடைபெறும் டிசம்பரைத் தேர்ந்துகொள்வாராக. மலையில் இறக்கங்களும் உண்டு. பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொண்டு வருவது நலம்.